கூப்பிட்டால்தான் எழும்புவார்

மாமி தானாக எழும்பி ஓரிடத்துக்குப் போனதை நான் கண்டதில்லை. யாராவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அடுத்த கணமே முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பிவிடுவார். அந்தக் குரலுக்காகவே விடிந்ததிலிருந்து ஆயத்தமாக இருந்தவர் போல. கூப்பிடாவிட்டால் இருந்த இடம்தான். பசித்தாலும், மழையில் நனைந்தாலும், பஸ் போனாலும்.

என் அம்மாவின் அண்ணனைக் கட்டியவர் அவர். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய்ச் சேருவான். அதனால் மாமா எங்கள் வீட்டுக்குச் சில வளவுகள் தள்ளி, மாமியின் வீட்டில் இருந்தார். மட்டக்களப்பிலிருந்து குருக்கள்மடத்தைத் தாண்டிக் கல்முனைப் பக்கம் கொஞ்சத் தூரம் வந்தால் எங்கள் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு. புத்தகங்களில் வாவி என்று எழுதியிருப்பதை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அக்கரையில், வெல்லாவெளிப் பக்கத்து வட்டையில் மாமாவுக்குக் கொஞ்ச வயல் இருந்தது.

மாமாவுக்குப் பெரிய குரல். இரவு பகலாக வயலில் பன்றி விரட்டிப் பழகிய குரல். "இஞ்ச வாகா!" என்று அவர் கூப்பிட்டால் எங்கள் வீட்டுக் குசினிக்கே கேட்கும். பெண்களை உரிமையோடு கூப்பிடும்போது எங்கள் ஆட்கள் கடைசியில் ஒட்டுகிற அந்தக் 'கா'வை மாமா நீட்டிச் சொல்வார். சாப்பிட இருந்தால் ஒருதரம் கூப்பிடுவார். தேத்தண்ணி குடித்தால் ஒருதரம். ரீவியில் நல்ல பாட்டுப் போனால் ஒருதரம். மாமி ஒவ்வொரு தரமும் வருவார்.

"அண்ணன் கூப்பிடாட்டி மச்சாள் மூச்சும் விடமாட்டா," என்று அம்மா பகிடி பண்ணுவார்.

"கூப்பிட ஆளிருக்கு, நான் ஏன் தானா விடணும்?" என்பார் மாமி.

அக்கரைக்குப் போக மோட்டார் பூட்டிய தட்டையான மிதவை ஒன்று ஓடும். அதற்குப் பாதை என்று பெயர். சைக்கிள்காரர், மோட்டார் சைக்கிள்காரர், உர மூடைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லாரும் இடித்துக்கொண்டு ஏறுவார்கள். மாமி சாப்பாட்டுக் கூடையோடு கரையில் நிற்பார். பாதை நிறைந்து புறப்படப் பார்க்கும். பாதை ஓட்டுகிறவருக்கு மாமியைத் தெரியும்.

"என்ன மாமி, உங்களுக்கு வெத்தில வச்சுக் கூப்பிடணுமா?"

"வெத்தில வேணாம் தம்பி. வாங்க எண்டு சொல்லு, போதும்."

"வாங்க மகாராணி!"

ஏறியிருந்தவர்கள் சிரிப்பார்கள். மாமியும் சிரித்துக்கொண்டுதான் ஏறுவார். ஆனால் அந்த 'வாங்க' வராமல் ஏறமாட்டார். புதிதாக ஒருவன் பாதை ஓட்டிய நாளில் அவன் கவனிக்காமல் பாதையை எடுத்துவிட்டான். மாமா மத்தியானம் முழுக்கப் பசியோடு வட்டையில் நின்றார். மாமி கரையில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போகிறவர் மாமி. ஒருமுறை நான்தான் சைக்கிளில் கூட்டிப் போனேன். நேர்ஸ் பிள்ளை பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தது. மாமியின் பெயரில் நடுவில் ஓர் எழுத்தை விட்டு வாசித்தது. மாமி அசையவில்லை. நான் தோளில் தட்டினேன்.

"அது வேற ஆள்," என்றார்.

அந்தப் பிள்ளை மீண்டும் கூப்பிட்டது. கடைசியில் எழும்பி எங்களிடமே வந்துவிட்டது. "அம்மா, எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன்! காது கேக்காதா?"

"காது நல்லாக் கேக்கும் மகள். நீ கூப்பிட்ட பேர்ல ஒரு எழுத்துக் குறையுது. அந்தப் பேர்ல ஒராள் இருந்து, நான் போய் அவட ஊசியப் போட்டுக்கொண்டு வந்தா?"

இருந்த சனமெல்லாம் சிரித்தது. அதற்குப் பிறகு அந்த நேர்ஸ் மாமியின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நீட்டிக் கூப்பிடும். மாமி கலியாண வீட்டுக்குப் போகிற நடையில் எழும்பிப் போவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவன் நான்தான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட அன்று அம்மா பாற்சோறு காய்ச்சி அயலுக்கெல்லாம் சொல்லியனுப்பினார். மாமி வீட்டுக்குச் சொல்ல மறந்துபோனது. மாமா வயலில் நின்றார். ஊரே வந்து போனது, மாமி வரவில்லை. மறுநாள் காலையில் நான் போனேன்.

"ஏன் மாமி வரல்ல? கேள்விப்படல்லயா?"

"கேள்விப்பட்டன். கேள்விப்படுறது வேற, கூப்பிடுறது வேற மருமோன்."

"இப்ப கூப்பிடுறன். வாங்க."

சொல்லி முடிக்கவில்லை, உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் கட்டிக்கொடுத்த பை கூடப் பிரிக்கவில்லை. முதல் நாளே வாங்கி வைத்திருக்கிறார். தலை இழுத்து, நல்ல சேலை உடுத்தி, பின்னேரம் வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைச் சுகந்திதான் எனக்குச் சொன்னாள். சுகந்தி மாமியின் ஒரே மகள்.

இது பணிவு என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். பணிவு இல்லை. அது என்னவென்று எனக்கு விளங்கியது கோயிலில்தான்.

எங்கள் ஊரில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். தாயின் குடிதான் பிள்ளைக்கு. தகப்பன் என்ன குடியோ, அது பிள்ளையைச் சேராது. கோயில் சடங்கின் கடைசி நாளில் குடிகளை வரிசைப்படி கூப்பிடுவார்கள். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் முன்னால் நின்று குடியின் பெயரை உரத்துச் சொல்வார். அந்தக் குடியில் மூத்த ஆண் எழும்பிப் போய்த் திருநீறும் பிரசாதமும் வாங்குவார். எந்தக் குடி முன், எந்தக் குடி பின் என்பதற்காக அடிபட்டவர்களும் கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. கூப்பிடுமுன் எழும்பினால் அது மற்றவனின் முறையைப் பறிப்பது. கூப்பிட்டும் எழும்பாவிட்டால் தன் குடியைத் தானே அழிப்பது.

மாமியின் குடிதான் கடைசிக் குடி. சின்னக் குடி. மாமியின் தாய்மாமன் போய் வாங்குவார். அவருக்குப் பிறகு மாமியின் அண்ணன். "எல்லாரையும் கூப்பிட்டு முடியுமட்டும் இருந்து பாத்தால்தான் தெரியும், கடைசிப் பேர் கேக்கேக்க உடம்பு எப்படிச் சிலுக்கும் எண்டு," என்று மாமி சொல்வார். முதற் குடிக்காரருக்கு அந்தச் சுகம் தெரியாதாம்.

சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் வயலுக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. தாய்மாமன் அதற்கு முன்பே போய்விட்டார். அந்தக் குடியில் ஊரில் ஆண் என்று யாரும் மிஞ்சவில்லை. அதற்கு அடுத்த சடங்கில் வண்ணக்கர் கடைசிக்கு முந்திய குடியைக் கூப்பிட்டார். பிறகு சற்று நின்றார். பெண்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார். "மத்த ஆக்களும் வந்து எடுங்க," என்றார்.

அவரில் பிழை சொல்ல முடியாது. கூப்பிட்டு யாரும் எழும்பாமல் போனால் அந்தக் குடிக்குத்தான் வெட்கம் என்று நினைத்திருப்பார்.

சனம் எழும்பி நெருக்கியது. மாமி இருந்த இடத்திலேயே இருந்தார். மாமா கூட்டத்துக்குள்ளால் வந்து, "வாகா, எடுத்திட்டுப் போவம்," என்றார். மாமா கூப்பிட்டும் மாமி எழும்பாத ஒரே தடவை அதுவாகத்தான் இருக்கும்.

"நான் மத்த ஆளில்ல," என்றார்.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த வருடமும் போனார், அதே இடத்தில் இருந்தார், அதே 'மத்த ஆக்கள்'. வெறுங்கையோடு வந்தார். அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரு கருத்துச் சொல்கிற வயது.

"கூப்பிடமாட்டாங்கள் எண்டு தெரியுந்தானே மாமி? பிறகேன் போறீங்க?"

"ஒரு வருசம் கூப்பிட்டா?" என்றார் மாமி. "அண்டைக்கு நான் அங்க இல்லாமப் போனா?"



எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேசலாம். சுகந்திக்கு வீடு வேண்டும். வெள்ளத்தில் இரண்டு போகம் வயல் அழிந்தது. மாமி வெளிநாட்டுக்கு, வீட்டு வேலைக்குப் போனார். அப்போதும் தானாகப் போனதாக அவர் சொல்லமாட்டார். "அந்த ஏஜென்சிக்காரன் வீடு தேடி வந்து கூப்பிட்டவன்," என்பார்.

முதல் தடவை ஒரு கூட்டம் பெண்களோடு போனார். முன்னால் போகிறவளின் பையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போங்கள் என்று சொல்லியனுப்பினார்களாம். அப்படியே போய்ச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பார். மாமா போனை வாங்கியதும் முழு ஊருக்கும் கேட்க, "இஞ்ச வாகா!" என்பார்.

"டிக்கட்டோட கூப்பிடுங்க, வாறன்," என்று அங்கிருந்து சிரிப்பார் மாமி.

வீடு எழும்பியது. சுகந்தி போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு சுவராகக் காட்டுவாள். கூரை போட்டாயிற்று, கதவு நிலை வைத்தாயிற்று, சீமெந்து பூசியாயிற்று. மாமி அந்த வீட்டைப் போனில்தான் கண்டார்.

மாமாவுக்கு ஈரல் பழுதாகிவிட்டது என்று தெரிந்தபோது வியாதி முற்றியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நானும் சுகந்தியும் மாறி மாறி நின்றோம். ஒருநாள் காலையில் மாமா என் கையைப் பிடித்தார்.

"மருமகன், அவளக் கூப்பிடு."

நான் போன் எடுத்தேன். "மாமி, மாமா உங்களைக் கூப்பிடுறார்," என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. மாமியும் ஒன்றும் கேட்கவில்லை. "வாறன் எண்டு சொல்லு," என்றார்.

வேலை செய்த வீட்டுக்காரர் நல்லவர்கள். உடனே கிடைத்த டிக்கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். நேரே கொழும்புக்கு வருகிற விமானம் கிடைக்கவில்லை. இடையில் ஓரிடத்தில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். இந்தத் தடவை பார்த்துக்கொண்டு பின்னால் போவதற்கு முன்னால் ஒருவரும் இல்லை.

பின்னொரு காலத்தில் மேற்படிப்புக்காக நானும் அப்படி இரண்டு விமானம் மாறிப் போனேன். அன்றுதான் எல்லாவற்றையும் நிதானமாக இருந்து பார்த்தேன். விமானத்தில் ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் சக்கர நாற்காலியில் வந்தவர்களை விடுவார்கள். பிறகு கைக்குழந்தைக்காரரை. பிறகு விலை கூடிய இருக்கைக்காரர்களையும், அடிக்கடி பறந்து அந்தக் கம்பனியின் அட்டை வைத்திருப்பவர்களையும். அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்றவர்கள், அதுவும் தொகுதி தொகுதியாக. எந்தத் தொகுதி என்பது போடிங் பாஸில் சின்னதாக அடித்திருக்கும். விமானம் மாறிப் போகிறவருக்குப் புறப்படுகிற இடத்திலேயே இரண்டு பாஸையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். பெட்டி தானாக மாறிக்கொள்ளும். ஆள்தான் மாற வேண்டும். ஆனால் முதல் விமானத்தின் வரிசை முதல் விமானத்தோடு முடிந்தது. இரண்டாவது விமானத்துக்கு வேறு வரிசை. ஒன்றில் இலக்கம் சொல்லிக் கூப்பிடுவார்கள், மற்றதில் எழுத்துச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒன்றில் முன்னால் ஏறியவர் மற்றதில் கடைசியில் ஏறலாம். எல்லாத் தொகுதியும் முடிந்தபின் மீதமுள்ளவர்கள் எல்லாரும் வரலாம் என்று ஒரு பொது அழைப்பு. அதற்கும் வராதவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு கதவை மூடிவிடுவார்கள். விமானம் புறப்படுகிற நேரத்தில் அல்ல, அதற்கு வெகு முன்பே.

மாமிக்கு அங்கே நடந்ததை, மாமாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு ஒருநாள் அவரே சொன்னார். புது வீட்டுக் குசினி வாசலில் இருந்து மீன் செதிள் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"முதல் பிளேன்ல எனக்கு நாலாம் நம்பர். பக்கத்தில இருந்த சிங்களப் பிள்ள காட்டித் தந்தவள். ஒண்டு கூப்பிட்டாங்கள், ரெண்டு கூப்பிட்டாங்கள், மூண்டு கூப்பிட்டாங்கள். நாலு எண்டதும் எழும்பினன் பார் மருமோன், நம்மட கோயில் மாதிரியே கிடந்திச்சு. வெள்ளக்காரனும் நிண்டான். அவனும் அவன்ட முறைக்குத்தான் வந்தான்."

"மறுகா?"

"மறுகா அடுத்த இடத்தில இறங்கி, அம்பு போட்ட பக்கம் நடந்து, கேட்டையும் கண்டுபிடிச்சிட்டன். எல்லாருக்கும் முதல் போய்க் கதவுக்கு நேர இருந்தன். அந்தப் பிள்ள மைக்கில கூப்பிட்டாள். ஏ எண்டாள், பீ எண்டாள். ஆக்கள் போனாங்கள். நாலு சொல்லல்ல."

"ரெண்டாவது பாஸ்ல வேற எழுத்து அடிச்சிருக்குமே மாமி."

"அடிச்சிருந்ததாம். எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நாலெண்டு முதலே தந்திட்டாங்கள். கோயில் மாறினாக் குடி மாறுமா?"

மாமி மீனைத் திருப்பிப்போட்டுச் செதிள் எடுத்தார்.

"கடைசியா என்னவோ சொன்னாள். மிச்சம் இருந்த சனமெல்லாம் எழும்பி ஒரே கும்பலாப் போச்சு. மத்த ஆக்களையாக்கும் எண்டு நினைச்சன்."

"எல்லாரும் போறாங்க எண்டு பாத்தாவது..."

"நான் எந்த இடத்தில மருமோன் கும்பலாப் போயிருக்கன்?" என்றார் மாமி. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மறுகாத்தான், அப்பாட பேர் மாதிரி ஒண்டு கேட்டிச்சு. ரெண்டு மூண்டு தரம். வாய்க்குள்ள என்னவோ வச்சுக்கொண்டு சொல்லுற மாதிரி. நான் கிறுகிக் கிறுகிப் பாத்தன். அப்பா செத்து எவ்வளவு காலம். அவர இஞ்ச ஆர் கூப்பிடப்போறா எண்டு இருந்திட்டன்."

மாமியின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர். விமானக்காரருக்கு ஆள் என்றால் அந்தப் பெயர்தான். எங்கள் ஊரில் யாரும் மாமியை அந்தப் பெயரோடு சேர்த்து எண்ணியதில்லை. தாய் பெயர் சொல்லி, தாயின் குடி சொல்லி, இன்னாரின் மகள் என்றுதான் சொல்வார்கள். ஊசி மருந்துக்கு ஓர் எழுத்துக் குறைந்ததற்கே எழும்பாத மனுசி, தகப்பனின் பெயருக்கு எப்படி எழும்புவார்?

கதவை மூடிய பிறகும் மாமி அங்கேயே இருந்தார். அடுத்த தரம் திறப்பார்கள், அப்போது நாலு சொல்வார்கள் என்று.

அதே நாள் இங்கே, விடிந்ததிலிருந்து மாமா கூப்பிடத் தொடங்கியிருந்தார். நானும் சுகந்தியும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். முதல் நாள்வரை அவர் அப்படிக் கூப்பிடவில்லை. மாமி புறப்பட்டுவிட்டார் என்று சொன்னதிலிருந்துதான். அந்தப் பெரிய குரல் போய்விட்டது. காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் கடைசி எழுத்தை நீட்டத்தான் பார்த்தார்.

"இஞ்ச வாகா... இஞ்ச வாகா..."

"அம்மா வந்துகொண்டிருக்கா அப்பா. பிளேன்ல வாறா," என்று சுகந்தி காதுக்குள் சொல்வாள். தலையை ஆட்டுவார். கொஞ்சம் ஓய்வார். திரும்பவும் தொடங்குவார். பக்கத்துக் கட்டில்காரர் எழும்பி இருந்து, "ஆரயோ கூப்பிடுறார், வரச்சொல்லுங்க பிள்ள," என்றார். சுகந்தி அவருக்கும் அதையே சொன்னாள். பிளேனில் வருகிறார் என்று.

மத்தியானத்தோடு மாமாவின் குரல் நின்றுவிட்டது. கண் மூடியிருந்தது, மூச்சு மட்டும் போய் வந்தது. இனிப் பேச்சு வராது என்று டொக்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் என் போனுக்குத் தெரியாத வெளிநாட்டு நம்பர் ஒன்று வந்தது.

"ஹலோ, மட்டக்களப்பா? நான் ஓட்டமாவடி ஆள். இஞ்ச ஏர்போட்ல கிளீனிங் வேல செய்றன். உங்கட வீட்டு அம்மா ஒராள் இஞ்ச குந்திக்கிட்டு இரிக்காங்க. பிளேன் அவங்கள உட்டுட்டுப் போய்ட்டு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன், பிந்திப் போனவவா?"

"இல்ல தம்பி. நேரத்தோட வந்து கதவுக்கு முன்னாலதான் இருந்திரிக்காங்க. பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுப் பாத்திரிக்கானுகள். நான் அந்தப் பக்கம் கூட்டப் போன நேரம் தனிய இருந்து தமிழ்ல எண்ணிக்கிட்டு இருந்தாங்க, ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு. அதுலதான் நம்மட ஊர்ப் பக்கத்து ஆளெண்டு புடிச்சன். ஒண்டுக்கும் பயப்பட வேணாம். நாளக்கி வாற பிளேன்ல போட்டுக் குடுக்கச் சொல்லிப் பேசிட்டன். என்ட உம்மா மாதிரி, நான் பாத்துக்குவன். இந்தா, பேசுங்க."

மாமியின் குரல் வந்தது. "மருமோன், மாமா என்ன செய்றார்?"

சுகந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நித்திரை மாமி," என்றேன்.

"எழுப்பாத. எழும்பினா, நாளைக்கு வந்திடுவன் எண்டு சொல்லு."

மாமா பின்னேரம் போய்விட்டார்.

மாமியும் போன மாரியில் போய்விட்டார். இருந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மாமா போன மறுநாள் பின்னேரம் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வந்து நின்றபோது மாமாவைப் புது வீட்டு விறாந்தையில் கிடத்தியிருந்தோம். வளவு நிறைய சனம். ஆண்கள் பந்தலுக்குள், பெண்கள் மாமாவைச் சுற்றி. மாமி வானால் இறங்கினார். கையில் ஒரு பை, அதில் விமானத்தில் கட்டிய கடதாசித் துண்டு தொங்கியது. வளவு வாசலில் கடப்படிவரை வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

சாவு வீட்டில் யாரையும் 'வா' என்று கூப்பிடக் கூடாது. வருகிறவர் தானாக வருவார், சொல்லாமல் போவார். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமியின் குணமும் அங்கே எல்லாருக்கும் தெரியும். பறையடித்தவர் கூடக் கையை நிறுத்தினார். கடப்படியில் நின்று மாமி, அதுவரை நேரே கண்டிராத அந்த வீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார், பூசிய சுவரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். ஒருவர் வாயும் திறக்கவில்லை. அம்மா மட்டும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு விம்மினார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ தெரியாது. பிறகு பையை நிலத்தில் வைத்தார். யாரும் கூப்பிடாமல், அந்த வளவைக் கடந்து உள்ளே வந்தார். பெண்கள் விலகி இடம் விட்டார்கள்.

மாமாவின் தலைமாட்டில் இருந்தார். ஒப்பாரி வைக்கவில்லை, மாரில் அடிக்கவில்லை. மாமாவின் நெற்றியில் சரிந்திருந்த திருநீற்றை விரலால் நேராக்கினார். பிறகு நிமிர்ந்து மகளிடம், சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்.

"கூப்பிட்டவரா?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். முதல் நாள் விடிந்ததிலிருந்து மத்தியானம்வரை அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான்.

"இல்லம்மா," என்றாள் சுகந்தி. "ஒருக்காலும் கூப்பிடல்ல. நித்திரையிலதான் போனவர்."

மாமி மாமாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"அதுதானே," என்றார். "அவர் கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்."

அப்போதுதான் சுகந்தி குரல் விட்டுக் கதறத் தொடங்கினாள். தகப்பனை நினைத்து அழுகிறாள் என்று, பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.